வேலை நேரத்தில் மகிழ்ச்சியாக இருந்த குற்றம்

அந்த உணவகத்தில் சர்வராக இருந்தவரை எல்லோரும் வாத்து என்றுதான் கூப்பிட்டார்கள். இரண்டு கையிலும் தட்டுகளை ஏந்திக்கொண்டு, பாதங்களை வெளிப்பக்கமாகத் திருப்பி வைத்து, மேசைகளுக்கு நடுவே அவர் போகிற அழகைப் பார்த்துச் சமையல்கட்டில் யாரோ வைத்த பெயர். அதில் அவருக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் வருத்தம் இருப்பதுபோலத் தெரியும். முகத்தின் அமைப்பு அப்படி. புருவங்கள் இரண்டும் நடுவில் உயர்ந்து ஓரங்களில் சரிந்திருக்கும். கன்னம் தொங்கும். உதடு கீழ்நோக்கி வளைந்திருக்கும். யாரோ இப்போதுதான் ஃபோன் செய்து கெட்ட சேதி சொல்லிவிட்டு வைத்ததுபோல இருப்பார். கல்யாண ஃபோட்டோவில்கூட மணப்பெண் வாய்கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருக்க, இவர் பக்கத்தில் துக்கம் விசாரிக்க வந்தவர்போல நிற்பார். அன்றைக்கு அவருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம் என்பது அந்த மணப்பெண்ணுக்கு மட்டும்தான் தெரியும்.

உணவகம் கடைத்தெருவின் நடுவில் மூன்று மாடியாக நின்றது. கீழ்த்தளம் அவசரக்காரர்களுக்கு. நடுமாடி குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு. மேல்மாடி அலுவலகக் கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு. அவர்கள்தான் மெதுவாகச் சாப்பிடுவார்கள். சர்வர்களுக்கு மாதச் சம்பளம் இருந்தது. பெரிதாகச் சொல்லிக்கொள்ளும்படி இல்லை என்றாலும் மாதாமாதம் வந்துகொண்டிருந்தது. மனசு குளிர்ந்த வாடிக்கையாளர்கள் காபிக் கோப்பைக்கு அடியில் ஏதாவது வைத்துவிட்டுப் போவார்கள். அதைச் சர்வர்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள். யாருக்கும் எந்தத் தத்துவமும் தேவைப்படாமல் காலம் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த நிலையில்தான் முதலாளி ஒரு மாநாட்டுக்குப் போய்விட்டு வந்தார். போகும்போது ஒரு பெட்டியோடு போனவர், வரும்போது ஓர் ஆலோசகரோடு வந்தார்.

ஆலோசகர் ஒல்லியாக, சுத்தமாக, கசங்காமல் இருந்தார். அந்த உணவகத்தில் எதையும் சாப்பிட மாட்டார். வெந்நீர் மட்டும் குடிப்பார். மறுநாள் காலையில், நாற்காலிகளையெல்லாம் மேசைமேல் கவிழ்த்துத் தரை துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில், எல்லோரையும் கூட்டிவைத்துப் பேசினார்.

"சம்பளம்னா என்ன? ஒரு மனுஷனோட உழைப்புக்கு இவ்வளவுதான் மதிப்புன்னு முத்திரை குத்தறது. இதைவிடப் பெரிய அவமானம் உண்டா? உங்களை இனிமேலும் அப்படி அவமானப்படுத்த முதலாளிக்கு மனசு வரல."

சர்வர்களில் வாயை மூடவே தெரியாத ஒருவன் இருந்தான். ரேடியோ என்று பெயர். "இத்தனை வருஷமா மனசு வந்துதே சார்?" என்று கேட்டான்.

முதலாளி தலையைக் குனிந்துகொண்டார். "அதை நெனச்சாதான்ப்பா வேதனையா இருக்கு" என்றார்.

ஆலோசகர் தொடர்ந்தார். "நிர்வாகம் குடுக்கற சம்பளத்துக்கு ஓர் உச்சவரம்பு இருக்கு. வாடிக்கையாளரோட நன்றிக்கு உச்சவரம்பு உண்டா? கிடையாது! அதனால அடுத்த மாசத்துலேர்ந்து உங்களுக்கு அடையாளச் சம்பளம் மட்டும்தான். மிச்சமெல்லாம் நன்றிக்கொடை."

"டிப்ஸா?" என்றாள் பெரியக்கா. சர்வர்களில் வயதில் மூத்தவள், எல்லோருக்கும் அக்கா.

"அந்த வார்த்தை வேண்டாம். அது கேவலமா இருக்கு. நன்றிக்கொடை."

"அடையாளச் சம்பளம்னா எவ்வளவுங்க?"

"நீங்க வீட்லேர்ந்து வேலைக்கு வர்ற பஸ் செலவுக்குச் சரியா இருக்கும்."

"திரும்பிப் போக?"

"அதுதான் நன்றி" என்றார் ஆலோசகர். முதலாளி கை தட்டினார். முதலாளி தட்டினால் சூப்பர்வைசரும் தட்டுவார். சூப்பர்வைசர் தட்டியதால் எல்லோரும் தட்டினார்கள். தங்கள் சம்பளம் போனதற்குத் தாங்களே கை தட்டிய விஷயம், பெரியக்கா எண்ணெய்க் கறை படிந்த தரையை மறுபடி துடைக்கக் குனிந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது.

வாத்து வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார். அவள் பஸ் கண்டக்டர். நாள் முழுக்கக் கத்திக் கத்திக் குரல் கரகரத்திருக்கும்.

"அப்ப நான் டிக்கெட்டக் குடுத்துட்டு, பயணி மனசு குளுந்தா சம்பளம்னு நின்னா எப்படி இருக்கும்? டிக்கெட் காசுக்கே நோட்ட நீட்டிட்டு மூஞ்சியத் திருப்பிக்கறான். நன்றி தருவானா? நீங்க ஏங்க எதுவும் கேக்கல?"

"ரேடியோ கேட்டான்."

"அவன் கேட்டா அவனுக்கு. உங்களுக்கு?"

"எல்லாரும் கை தட்டினாங்க. அந்தச் சத்தத்துல எனக்கு ஒண்ணும் தோணல" என்றார் வாத்து.

அடுத்து வந்தது சிரிப்புப் பயிற்சி. நன்றி வரவேண்டுமானால் சர்வர் சிரிக்க வேண்டும் என்பது ஆலோசகரின் கண்டுபிடிப்பு. ஆளுக்கொரு பென்சிலைக் கொடுத்து, குறுக்காகப் பல்லில் கடித்துக்கொண்டு கண்ணாடி முன் நிற்கச் சொன்னார்கள். எல்லோருக்கும் சுமாராகச் சிரிப்பு வந்தது. வாத்து பென்சிலைக் கடித்தபோது மயக்கமருந்து இல்லாமல் பல்லைப் பிடுங்கிக்கொள்கிறவர்போல இருந்தார். சூப்பர்வைசர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நீங்க கடிக்கக் கடிக்க எனக்குத்தான்யா வலிக்குது" என்று பென்சிலை வாங்கிக்கொண்டார். நடுமாடியில் கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்திலிருந்த மேசைகளை அவருக்கு ஒதுக்கினார். அங்கே உட்காருகிறவர்கள் ஏற்கெனவே சலித்துக்கொண்டுதான் இருப்பார்கள். புதிதாகக் கெட்டுப்போக ஒன்றும் இல்லை.

ஆனால் நடந்தது வேறு. பல்லைக் காட்டிக்கொண்டு நாலாபக்கத்திலிருந்தும் ஓடிவரும் சர்வர்களைப் பார்த்து வாடிக்கையாளர்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "இப்படி இளிக்கிறானே, மீன் பழசா இருக்குமோ?" என்று ஒருவர் தட்டை முகர்ந்து பார்த்தார். "இவனுக்கென்ன, நல்லாத்தான் இருக்கான்" என்று இன்னொருவர் எடுத்த நோட்டைத் திரும்பப் பைக்குள் வைத்தார். கழிப்பறை ஓரத்திலோ கதை தலைகீழாக இருந்தது. மெனுவை நீட்டியபோதே சண்டை போட்டுக்கொண்டிருந்த ஒரு தம்பதி வாத்துவின் முகத்தைப் பார்த்துச் சண்டையை நிறுத்தினார்கள். தங்களுக்கு வந்திருப்பது பெரிய கஷ்டமே இல்லை என்று அவர்களுக்குத் தோன்றிவிட்டது. போகும்போது தாராளமாக வைத்துவிட்டுப் போனார்கள். ஒரு வியாபாரி வாத்துவின் தோளில் கை வைத்து, "வீட்டுல யாருக்கு?" என்று மெதுவாகக் கேட்டார்.

"என்ன யாருக்கு சார்?"

"வேண்டாம், சொல்ல வேண்டாம். எனக்குப் புரியுது" என்று சொல்லி, கையில் நோட்டைத் திணித்துவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டே போனார்.

விஷயம் ஆலோசகர் காதுக்குப் போயிற்று. அவர் ஒரு பூந்தொட்டிக்குப் பின்னால் வெந்நீர்க் கோப்பையோடு நின்று வாத்துவைக் கவனித்தார். கவனித்து முடித்ததும் மறுபடி நாற்காலிகள் கவிழ்ந்தன, மறுபடி கூட்டம்.

"சிரிப்புக்கு யாரும் காசு குடுக்கறதில்ல. சோகத்துக்குத்தான் குடுக்கறாங்க. சிரிக்கிறவனப் பார்த்தா பொறாமை வருது, அழுமூஞ்சியப் பார்த்தா நன்றி வருது. இத்தனை நாள் உலகம் இதைக் கவனிக்காம விட்டுடுச்சு."

முதலாளி கவலையோடு கேட்டார்: "சோகத்துக்கு நமக்கு ஏதாவது செலவு உண்டா?"

"ஒரு பைசா கிடையாது சார். சம்பளத்தத்தான் நிறுத்திட்டோமே. மூலப்பொருள் ஏற்கெனவே கைவசம் இருக்கு."

முதலாளி அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

வாத்து அன்றே சோகப் பயிற்றுநர் ஆக்கப்பட்டார். அந்தப் பதவிக்கும் அடையாளச் சம்பளம்தான். மிச்சத்தைப் பயிற்சி பெறுகிறவர்கள் நன்றியாகத் தரவேண்டும் என்று ஏற்பாடு. அவர்கள் கையில் நன்றியைத் தவிர வேறு எதுவும் இல்லாததால் அவர்கள் நிஜமாகவே வெறும் நன்றியைத்தான் தந்தார்கள்.

"எப்படிண்ணே மூஞ்சிய இப்படி வச்சுக்கறீங்க? மனசுல என்ன நெனச்சுக்குவீங்க?" என்று கேட்டான் ரேடியோ.

வாத்து யோசித்துப் பார்த்தார். "சூப் ஆறிடக் கூடாதேன்னு நெனப்பேன்."

எல்லோரும் சூப் ஆறிவிடக்கூடாதே என்று நினைத்துப் பார்த்தார்கள். சிலருக்குப் பசி வந்தது. பெரியக்காவுக்கு மட்டும் பயிற்சியே தேவைப்படவில்லை. அவளுக்கு வீட்டுக்காரர் இருந்தார். அவர் வேலைக்குப் போவதில்லை. தட்டை மேசைமேல் வைக்கும்போது அவரை நினைத்து ஒரு பெருமூச்சு விடுவாள். அந்தப் பெருமூச்சைக் கேட்டு எழுந்து நின்றவர்கள் உண்டு. ரேடியோ கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டான். தனக்கு அப்பா அம்மா இரண்டு பேரும் இல்லை என்று ஒரு வாடிக்கையாளரிடம் உருகிக்கொண்டிருந்தபோது, மகன் வேலை செய்கிற இடத்தைப் பார்க்கலாம் என்று அவன் அப்பா புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "இந்தப் பையனோட அப்பா எப்படிங்க தவறிட்டார்?" என்று அந்த வாடிக்கையாளர் அவரிடமே கேட்டிருக்கிறார். அவன் அப்பா சாப்பிடாமலே எழுந்து போய்விட்டார்.

உணவகத்தில் விளக்குகளைக் குறைத்தார்கள். பாட்டை நிறுத்தினார்கள். கைதுடைக்கும் தாளைக் கண்ணீரும் தாங்கும்படி கனமாக மாற்றினார்கள். ஒவ்வொரு நாளும் கதவு திறப்பதற்கு முன்னால் சூப்பர்வைசர் வரிசையாக நிற்கவைத்து முகங்களைச் சரிபார்த்தார். "நீ பல்வலி. சோகம் இல்ல, போய்ச் சரிபண்ணிக்கிட்டு வா." "உனக்கு நேத்து இருந்த துக்கம் எங்க போச்சு?" "அக்கா, நீங்க அப்படியே இருங்க, அசையாதீங்க." இந்தச் சேவைக்காக எல்லோருடைய டிப்ஸிலும் அவருக்கு ஒரு பங்கு உண்டு. பிறந்தநாள் கொண்டாட வந்த ஒரு குடும்பம், சுற்றி நின்ற சர்வர்களின் முகத்தைப் பார்த்து, கேக்கில் ஏற்றிய மெழுகுவத்தியை ஊதி அணைக்கத் தைரியம் வராமல் அப்படியே விட்டுவிட்டுப் போனது. ஆனாலும் டிப்ஸ் வைத்துவிட்டுத்தான் போனார்கள். ஆலோசகர் தெருவில் நடந்தால் மற்ற உணவக முதலாளிகள் வணக்கம் சொல்ல ஆரம்பித்தார்கள்.

இந்தச் சமயத்தில்தான் ஒரு மத்தியான வேளையில் வாத்துவின் மனைவி, சீருடையோடு, தோளில் தொங்கும் டிக்கெட் பையோடு, கீழ்த்தளத்துக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே வந்து நின்று கையை ஆட்டினாள். வண்டியில் மயக்கம் வந்து விழப்பார்த்திருக்கிறாள். டிரைவர் வண்டியைப் பயணிகளோடு ஓர் ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார். டாக்டர் பார்த்துவிட்டு விஷயத்தைச் சொன்னதும் அவளுக்கு வேறு எங்கும் போகத் தோன்றவில்லை.

நடுமாடிக்குக் கொண்டுபோக எடுத்த தட்டுகளோடு வாத்து கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். "என்னாச்சு?"

அவள் அவர் காதோரம் குனிந்து சொன்னாள்.

கல்யாணமாகிப் பல வருஷம் ஆகியிருந்தது. முன்னே இரண்டு தடவை உண்டாகிக் கலைந்துபோயிருந்தது. அதற்கப்புறம் அந்தப் பேச்சையே இருவரும் விட்டுவிட்டார்கள். தெருவில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு யாராவது எதிரே வந்தால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கடைகளைப் பார்ப்பார்கள். வாத்து சேதியைக் கேட்டார். பிறகு அவர் முகத்தில் என்னவோ நகர்ந்தது. புருவங்கள் இறங்கின. கன்னம் மேலே ஏறியது. உதடு போகாத திசையில் போனது.

"என்னங்க இது, புதுசா இருக்கு" என்றாள் மனைவி.

உள்ளே போனார். முகம் அப்படியே இருந்தது. அவருடைய மேசையில் உட்கார்ந்திருந்தவர் பில்லைப் பார்த்துவிட்டு அவரையும் பார்த்தார். "நல்லா இருக்கீங்க போல" என்றார். பில் தொகையை வைத்துவிட்டு எழுந்து போனார்.

அன்றிலிருந்து அந்தச் சிரிப்பை அவரால் கீழே இறக்கவே முடியவில்லை. கஷ்டமானதையெல்லாம் நினைத்துப் பார்த்தார். எங்கிருந்து தொடங்கினாலும் நினைப்பு தொட்டிலில் போய் முடிந்தது. சமையல்கட்டில் வெங்காயம் நறுக்குகிறவர் பக்கத்தில் போய் நின்றார். கண்ணில் தண்ணீர் கொட்டியது, வாய் சிரித்தது. அது பார்க்க இன்னும் மோசமாக இருந்தது. ரேடியோ ஒவ்வொரு மேசைக்கும் முன்னால் அவர் இடுப்பில் கிள்ளிவிட்டுப் பார்த்தான். கூச்சத்தில் நெளிந்து சத்தமாகவே சிரித்துவிட்டார். டிப்ஸ் அடியோடு நின்றது. அதுவும் எந்த நேரத்தில்? மனைவி இனிமேல் ஓடுகிற வண்டியில் நிற்கவே கூடாது, படுக்கையில் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்ட நேரத்தில். அவளுக்கு விடுப்பு கிடைத்தது. சம்பளம் பாதியாகக் குறைந்தது.

"நீ எங்கூட ஒரு சண்டை போடேன். நல்லா மனசு நோகற மாதிரி" என்று மனைவியிடம் கேட்டுக்கொண்டார்.

அவள் தலையணையில் சாய்ந்து யோசித்தாள். "உங்க நடை எனக்குச் சுத்தமாப் பிடிக்கல."

"இன்னும் கொஞ்சம் கடுமையா."

"உங்களக் கட்டிக்கிட்டு நான் என்ன சுகத்தக் கண்டேன்?" என்று ஆரம்பித்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "முடியலங்க. போங்க." அப்புறம் சிரிப்பு நின்று, "பயமா இருக்குங்க. இந்தத் தடவையும் ஏதாவது ஆயிட்டா?" என்றாள். வாத்து அவள் காலைப் பிடித்துவிட்டார். அந்த ஒரு நிமிஷம் அவர் முகம் பழையபடி தொங்கியிருந்தது. ஆனால் அந்த நேரத்தில் டிப்ஸ் கொடுக்க அங்கே யாரும் இல்லை.

மேல்மாடியில் விசாரணை நடந்தது. நீள மேசைக்குப் பின்னால் முதலாளியும் ஆலோசகரும் உட்கார்ந்திருந்தார்கள். குற்றச்சாட்டைச் சூப்பர்வைசர் சொன்னார்: வேலை நேரத்தில் மகிழ்ச்சியாக இருந்தது.

"ஆதாரம்?" என்றார் முதலாளி.

"சூப் கொண்டு போறப்ப பாட்டு முணுமுணுத்தார் சார். என் காதால கேட்டேன். துக்கப் பாட்டுகூட இல்ல."

முதலாளி வாத்துவைப் பார்த்தார். "ஏன்யா, உனக்கு நாங்க என்ன குறை வச்சோம்? எதுக்கு இப்படிச் சந்தோஷமா இருக்க?"

"என் வீட்டுக்காரி முழுகாம இருக்கா சார்."

முதலாளிக்கு முகம் கறுத்தது. "அது நல்ல சேதிதான். நிர்வாகத்துக்கு அதுல ஆட்சேபணை இல்ல. ஆனா இந்த சீசன்லயா?"

ஆலோசகர் வெந்நீரை உறிஞ்சிவிட்டுக் குறுக்கிட்டார். "அவசரப்பட வேண்டாம் சார். நீண்டகால நோக்குல பாருங்க. கொழந்தை பொறந்ததும் தூக்கம் போயிடும். பால்மாவு, மருந்து, அப்புறம் ஸ்கூல் ஃபீஸ். இவர் மொகம் முன்ன இருந்ததவிட நல்ல தரத்துக்கு வந்துடும். இது நமக்கு முதலீடு."

"சம்பளம்னு ஒண்ணு இருந்தா இந்தப் பிரச்சினையே இல்லையே சார்" என்றார் வாத்து. குறையாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அவருக்கு அப்போதுதான் தோன்றியது.

"சம்பளம் வந்துட்டா நீ இன்னும் சந்தோஷமாயிடுவியே. அப்புறம் உன்ன யாரு பாக்கறது?" என்றார் முதலாளி.

முகம் சரியாகும் வரை மேசைப் பக்கம் வரக்கூடாது என்று தீர்ப்பாயிற்று. ஆனால் அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. உணவக உரிமையாளர் சங்கம் முதலாளிக்கு ஒரு விருது தர முடிவு செய்திருந்தது. மனிதநேய ஊதிய முறைக்கான விருது. விருந்து அதே மேல்மாடியில். வருகிறவர்கள் எல்லோரும் அந்தப் பிரபலமான சோகக்காரரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள்.

"அன்னிக்கு ஒரு நாள் மட்டும் மூஞ்சியத் தொங்கப் போட்டுருய்யா. எல்லாத்தையும் மன்னிச்சு விட்டுடறேன்" என்று முதலாளியே கெஞ்சினார்.

விருந்து நாளில் மேல்மாடி நிரம்பி வழிந்தது. சங்கத்துக்காரர்கள், அவர்களுடைய குடும்பங்கள், உணவகத்துக்கு வாடிக்கையாக வரும் சில முக்கியஸ்தர்கள். சுவரோரமாகச் சர்வர்கள் வரிசையாக நின்றார்கள். அப்படி ஒரு துயரத்தை ஒரே இடத்தில் யாரும் பார்த்திருக்க முடியாது. சங்கத்தின் தலைவர், தொந்தி பெருத்தவர், சாப்பாட்டு நேரம் தவறினால் கை நடுங்குகிறவர், உள்ளே வந்ததுமே "அருமை, அருமை" என்று முணுமுணுத்தார். வாத்துவும் முகத்தை எப்படியோ கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டு சூப் பரிமாறினார். முதலாளி மைக்கைப் பிடித்து, சம்பளம் என்ற அவமானத்திலிருந்து தன் பிள்ளைகள்போன்ற ஊழியர்களைத் தான் விடுவித்த கதையைப் பேச ஆரம்பித்தார்.

முன்வரிசை மேசையில் ஒரு பல் டாக்டரம்மா இருந்தார். வாரம் தவறாமல் வருகிறவர். பிறர் முகத்தைக் கிட்டத்தில் பார்த்துப் பழகியவர். சூப் வைத்த வாத்துவை அண்ணாந்து பார்த்து, "எதுக்குப்பா தாடையை இப்படி இறுக்கிப் பிடிச்சிருக்க? வலிக்கல?" என்றார்.

"வலிக்குதும்மா."

"அப்ப விடேன்."

அவ்வளவு அக்கறையாக யாரும் சொல்லியிருக்கவில்லை. வாத்து விட்டுவிட்டார். சிரிப்பு முகம் முழுக்கப் பரவியது. "நாங்க அப்பா அம்மா ஆகப் போறோம்மா" என்றார்.

டாக்டரம்மா கரண்டியைப் போட்டுவிட்டுக் கை தட்டினார். மேசையில் இருந்தவர்களும் தட்டினார்கள். சுவரோரம் இருந்தவர்களுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. முதலில் ரேடியோ கனைத்தான். அடுத்தவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். கடைசியில் பெரியக்காவே வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். துயரம் முழுவதும் சுண்ணாம்புபோல உதிர்ந்து விழுந்தது. மேடையிலிருந்த முதலாளி பதறிப்போனார். கையில் மைக் இருப்பதை மறந்துவிட்டார்.

"சிரிக்காதீங்கடா! நீங்க சிரிச்சா இவங்க டிப்ஸ் வைக்க மாட்டாங்க! அப்புறம் எங்கிட்ட வந்து சம்பளம் கேப்பீங்க!"

அது நான்கு ஒலிபெருக்கியிலும் கேட்டது.

"ஏன், நீங்க சம்பளம் குடுக்கறதில்லையா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"குடுக்கறோம்மா. அடையாளமா."

"பில்லுல சேவைக் கட்டணம்னு ஒண்ணு போட்டு வாரா வாரம் எங்கிட்ட வாங்கறீங்களே. அது யாருக்குப் போகுது?"

முதலாளி ஆலோசகரைப் பார்த்தார். ஆலோசகர் வெந்நீர்க் கோப்பைக்குள் பார்த்தார். "அது… சேவை நடக்கற கட்டடத்துக்கும்மா" என்றார் முதலாளி.

"அப்ப நான் இவரோட கஷ்டத்துக்குன்னு நெனச்சு வச்சதெல்லாம் நீங்க குடுக்காத சம்பளமா?"

கூடத்தில் இருந்த உரிமையாளர்கள் அத்தனை பேரும் திடீரென்று தங்கள் சூப்பை ஆராய ஆரம்பித்தார்கள். எல்லோருடைய பில்லிலும் அந்தக் கட்டணம் இருந்தது. முதலாளி நிலைமையைச் சமாளிக்க, "சரி சரி, அடுத்ததக் கொண்டு வாங்க, சாப்பாடு ஆறுது" என்று கையை ஆட்டினார்.

யாரும் நகரவில்லை. வாத்து கையிலிருந்த தட்டைப் பக்கத்து மேசையில் வைத்தார். "சம்பளத்தக் குடுத்துருங்க சார். மூஞ்சிய நாங்க பாத்துக்கறோம்" என்றார்.

பெரியக்காவும் தன் தட்டை வைத்தாள். ரேடியோ வைத்தான். அப்புறம் வரிசையாகத் தட்டுகள் இறங்கும் சத்தம். மாடிப்படியில் கறி வறுத்த வாசனை ஏறிவந்துகொண்டிருந்தது. கீழே சமையல்கட்டில் எல்லாம் தயாராக இருந்தது. மேலே கொண்டுவரத்தான் ஆள் இல்லை.

"இது என்ன மிரட்டலா?" என்றார் முதலாளி. "நாப்பது பேரு சங்கத்துல இருக்கோம். இதுக்கெல்லாம் பணிஞ்சா நாளைக்கு ஒவ்வொருத்தர் கடையிலயும்…" அவர் ஆதரவு தேடிச் சங்கத் தலைவரைப் பார்த்தார். தலைவர் வாசனை வந்த பக்கமாக மூக்கைத் திருப்பிக்கொண்டிருந்தார். கை நடுங்க ஆரம்பித்திருந்தது. ஊதிய முறை, தொழில் வளர்ச்சி, கட்டுப்பாடு என்று சங்கத்தின் கொள்கைகளை ஒவ்வொன்றாக முதலாளி எடுத்துச் சொல்லிக்கொண்டே போனார். தலைவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். கடைசியில் எழுந்து போய் மைக்கைப் பிடுங்கினார்.

"குடுத்துத் தொலையும் ஐயா! பசிக்குது!"

முதலாளி "சரி" என்றார். அதுவும் நான்கு ஒலிபெருக்கியிலும் கேட்டது. டாக்டரம்மா, "எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கல்ல?" என்று திரும்பிப் பார்த்துக் கேட்டார். பெரியக்கா, "நாங்க கேட்டுக்கிட்டோம்மா" என்றாள். பிறகுதான் கறி மேலே வந்தது.

சொன்ன சொல்லிலிருந்து முதலாளி நழுவப் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் மறுநாளிலிருந்து வருகிற வாடிக்கையாளர் ஒவ்வொருவரும் உட்கார்ந்ததுமே, "சம்பளம் குடுத்தாரா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். ஆலோசகர்தான் முதலாளியின் மானத்தைக் காப்பாற்றினார். நாற்காலிகள் கடைசித் தடவையாகக் கவிழ்ந்தன. அவர் ஒரு புதிய முறையை அறிவித்தார். அதன் பெயர் நிலையான நன்றி. வாடிக்கையாளரின் மனநிலையையோ ஊழியரின் முகத்தையோ பாராமல், மாதத்துக்கு ஒரு முறை, ஒரே அளவாக, நிர்வாகமே ஊழியருக்குச் செலுத்தும் நன்றி. உலகில் எங்குமே இப்படி ஒரு முறை இருந்ததில்லை என்றார். முதலாளி மெய்சிலிர்த்துப் போனார். விருதையும் வாங்கிக்கொண்டார், இந்த முறைக்காக. ஆலோசகர் இப்போது வேறு வேறு நகரங்களுக்குப் போய் நிலையான நன்றியைப் பற்றிப் பேசுகிறார். நல்ல கட்டணம் வாங்குகிறார் என்று கேள்வி. முன்பணமாக.

பயந்த மாதங்களை வாத்துவின் மனைவி பத்திரமாகக் கடந்துவிட்டாள். எழுந்து நடக்கலாம் என்று டாக்டர் சொன்ன அதே வாரத்தில்தான் நிலையான நன்றி முதல்முதலாகக் கைக்கு வந்தது. கல்லாவில் உட்காரும் பெரியவர் யாரையும் ஏறெடுத்துப் பார்க்கிற வழக்கம் இல்லாதவர். நோட்டுகளை எண்ணிக் கவரில் போட்டு, குனிந்த தலை நிமிராமல் கையை மட்டும் நீட்டினார். வாத்து வாங்கத் தயங்கினார். சிரித்துப் பார்த்தார். பிறகு புருவத்தைத் தூக்கிச் சோகமாக வைத்துக்கொண்டார். இரண்டுக்கும் நடுவிலும் ஒன்றை முயற்சி செய்தார்.

"ஐயா, இதுக்கு மூஞ்சிய எப்படி வச்சுக்கணும்?" என்று கேட்டார்.

"ஒன் மூஞ்சி எனக்கெதுக்குய்யா? கையெழுத்தப் போட்டுட்டு நகரு, பின்னாடி ஆள் நிக்கிது."